ஜீப்பில் போகும்போது தண்ணீர் குடிக்காமல் சமாளிக்கலாமா?

மட்டக்களப்பு நகரை அண்டிய ஊரொன்றிலிருந்து ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சாரம் இதுதான்.

வயது 63. பதினொரு வருடமாக நீரிழிவு. காலையில் மெற்போமினும் கிளிக்லசைட்டும் எடுக்கிறார். பிரஷருக்கு லொசாட்டன், அதோடு "சலம் போகிற குளிசை" என்று அவர் குறிப்பிடும் ஹைட்ரோகுளோரோதயசைட். இரண்டு முழங்காலிலும் தேய்மானம். கனடாவிலுள்ள மகள் குடும்பத்தோடு ஜூலை நடுப்பகுதியில் வருகிறார். மருமகனுக்குப் பறவை என்றால் உயிர். வந்திறங்கி மூன்றாம் நாளே புறப்படும்படி, வழிகாட்டி ஒருவரோடு இரண்டு நாள் பயணத்தைப் பதிவு செய்துவிட்டார். முதல் நாள் பின்னேரம் பொத்துவில் களப்பு. மறுநாள் விடிய 4.30க்கு அறுகம்குடாவிலிருந்து ஜீப், நாள் முழுக்கக் குமண தேசிய பூங்கா. இன்சுலின் போடும் கணவரும் கூடப் போகிறார்.

காட்டுக்குள் மலசலகூடம் கிடைக்காது என்று யாரோ சொன்னதால் ஆசிரியை தானே ஒரு திட்டம் போட்டிருக்கிறார். சலம் போகிற குளிசையை இரண்டு நாளைக்கு விட்டுவிடுவது. மத்தியானம் வரை தண்ணீர் குடிக்காமல் இருப்பது. சீனிக் குளிசைகளை விடிய நான்கு மணிக்கு வெறும் தேத்தண்ணீரோடு விழுங்குவது. முழங்காலுக்குப் பாமசியில் வாங்கி வைத்திருக்கும் டைக்ளோபெனாக் இரண்டைக் காலையிலேயே போட்டுக்கொள்வது. "நான் இந்த வெயிலில் பிறந்து வளர்ந்தவள், 48 வயதில் கதிர்காமத்துக்குப் பாத யாத்திரை போனவள். எனக்கு வெயில் ஒரு பொருட்டல்ல. ஆனால் வருத்தங்களை வழிகாட்டியிடம் சொன்னால் என்னை வீட்டில் விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்று பயமாக இருக்கிறது" என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள ரீச்சர்,

போகலாம். தாராளமாகப் போகலாம். ஆனால் இந்தத் திட்டத்தோடு போக வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் யானை, கரடி, பாம்பு என்று ஒரு பக்கம் வருகிறது. வழிகாட்டியின் பேச்சைக் கேட்டு ஜீப்புக்குள் இருப்பவருக்கு அவற்றால் வரும் ஆபத்து குறைவு. என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறு இரண்டு வரி: மத்தியானம் வரை தண்ணீர் வேண்டாம், காலையிலேயே மூட்டுக்கு இரண்டு குளிசை.

தண்ணீரும் மூட்டுக் குளிசையும்

விஞ்ஞானம் படிப்பித்தவர் என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். சிறுநீரகத்தின் ஒவ்வொரு வடிகட்டிக்கும் இரத்தம் உள்ளே வர ஒரு சிறு குழாய், வெளியே போக இன்னொன்று. நடுவில் அழுத்தம் இருந்தால்தான் வடியும். உடம்பில் நீர் குறையும்போது சிறுநீரகம் இரண்டு வழியில் அந்த அழுத்தத்தைக் காப்பாற்றும். உள்ளே வரும் குழாயை விரித்துக்கொள்ளும், வெளியே போகும் குழாயை இறுக்கிக்கொள்ளும். டைக்ளோபெனாக் முதல் வழியை அடைக்கிறது. லொசாட்டன் இரண்டாவது வழியை அடைக்கிறது. சலம் போகிற குளிசையோ, தண்ணீர் குடிக்காத காலைப்பொழுதோ, இரத்தத்தின் அளவையே குறைத்துவிடுகிறது. மூன்றும் ஒரே நாளில், அதுவும் காய்ந்த சூடான கச்சான் காற்று வீசும் ஜூலையில் சேர்ந்தால், நன்றாக இருந்த சிறுநீரகம் ஓரிரு நாளில் படுத்துவிடலாம். நீரிழிவு பதினொரு வருடம் ஆனவருக்கு அது முழு நலத்தோடு இருக்கிறதா என்பதும் பரிசோதிக்காமல் தெரியாது.

இதில் வலி இருக்காது. சலம் குறையும், அவ்வளவுதான். இன்றைக்கு ஒருமுறைகூடப் போக வேண்டி வரவில்லை, திட்டம் பலித்துவிட்டது என்று நீங்கள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்பீர்கள்.

அதனால் டைக்ளோபெனாக்கை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். ஐபுபுரோபனும் இதே இனம்தான், அதையும் மாற்றாக எடுக்க வேண்டாம். ஈரல் நோய் இல்லையென்றால் பரசிற்றமோல் 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் எடுக்கலாம். ஒரு நாளைக்கு எட்டுக் குளிசைக்கு மேல் போகக்கூடாது. அதைவிட உதவுவது இருக்கை. சபாரி ஜீப்பின் பின்பக்கம் உயரமானது, ஏறும் படி ஒடுக்கமானது, குழி விழுந்த பாதையில் பின் இருக்கைதான் அதிகம் தூக்கிப்போடும். சாரதிக்குப் பக்கத்து இருக்கையை உங்களுக்கென்று முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். ஏறி இறங்க ஒரு சின்ன முக்காலியும் எடுத்துப்போங்கள்.

மலசலகூடம் என்ற உண்மையான பிரச்சினை

இதை நீங்கள் கூச்சப்பட்டுக் கடைசிப் பந்தியில் எழுதியிருக்கிறீர்கள். பெண்கள் வெளியில் போகும்போது தண்ணீரைக் குறைப்பதை என் கிளினிக்கில் கிழமைதோறும் கேட்கிறேன். சலத்தில் கிருமித் தொற்றோடு வருபவர்களில் பாதிப் பேரிடம் விசாரித்தால் ஒரு நீண்ட பஸ் பயணமோ கல்யாண வீடோ வெளியே வரும். ஆகவே இது உங்கள் தனிப்பட்ட பலவீனம் இல்லை, பயணத்தை ஒழுங்கு செய்பவர் தீர்த்து வைக்க வேண்டிய காரியம்.

பூங்காவுக்குள் நினைத்த இடத்தில் இறங்க முடியாது, அது உண்மை. ஆனால் உள்ளே நுழையும் முன் உகந்தை வாசலில் ஜீப் எப்படியும் நிற்கும். உள்ளே எந்தெந்த இடத்தில் இறங்க அனுமதி உண்டு, அங்கே மலசலகூடம் இருக்கிறதா என்று வழிகாட்டிக்குத் தெரியும். இரண்டு, இரண்டரை மணி நேரத்துக்கு ஒரு தரிப்பு வேண்டும் என்று மகளை விட்டு இப்போதே வாட்ஸ்அப்பில் கேட்கச் சொல்லுங்கள். பதில் எழுத்தில் இருக்கட்டும். அப்படி ஒழுங்கு செய்ய முடியாது என்றால், முழு நாளை அரை நாளாக மாற்ற எவ்வளவு கழிப்பார்கள், பணம் திரும்புமா என்பதையும் அதே செய்தியில் கேளுங்கள். காசு கொடுப்பவர் கேட்கக்கூடிய நியாயமான கேள்விகள்தான் இவை. இருமினால், குலுங்கினால் சலம் கசிகிறது என்றால் அதற்கான உறிஞ்சும் பாட்கள் பாமசியில் கிடைக்கும். வெட்கப்பட ஒன்றுமில்லை.

எவ்வளவு குடிப்பது? ஒரேயடியாக ஒரு போத்தலை ஊற்றாமல் அரை மணிக்கு ஒருமுறை அரைக் கோப்பை, அதாவது ஏறக்குறைய 100 மில்லிலீற்றர். வெயில் ஏறியதும் அதையே இரட்டிப்பாக்குங்கள். சலம் வைக்கோல் நிறத்தில் இருந்தால் போதும், தேத்தண்ணீர் நிறத்துக்கு வந்தால் பிந்திவிட்டீர்கள். தாகம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், அறுபதைத் தாண்டினால் தாக உணர்வு மங்கிவிடும். தண்ணீரில் உப்புப் போடும் யோசனையை விடுங்கள், பிரஷர்காரருக்கு அது உதவாது. சாப்பாட்டில் இருக்கும் உப்பே போதும். வாந்தியோ வயிற்றோட்டமோ வந்தால் ஜீவனி என்ற உப்பும் சீனியும் கலந்த தூளைக் கரைத்துக் குடிக்கலாம். அதில் சீனி இருக்கிறதே என்று தயங்க வேண்டாம், சோடாவில் இருப்பதைவிட அது எவ்வளவோ குறைவு. அந்த நிலையில் மெற்போமின், லொசாட்டன், சலக் குளிசை மூன்றையும் தற்காலிகமாக நிறுத்த வேண்டி வரும், உடனே வைத்தியரோடு கதையுங்கள். செவ்விளநீர் ஒன்று குடிக்கலாம். சிறுநீரகம் பலவீனம் என்று ரிப்போட் வந்தால் அதுவும் வேண்டாம், லொசாட்டன் எடுப்பவருக்கு இளநீரின் பொட்டாசியம் ஏறிவிடும்.

"வெயில் எனக்குப் பழக்கம்"

48 வயதில் பாத யாத்திரை போனவர் இந்தக் குளிசைகள் எதுவும் இல்லாதவர். போதாததற்கு அன்றைக்கு நீங்கள் தினமும் வெயிலில் பள்ளிக்கூடம் போய் வந்தவர். வெயில் பழக்கம் உடம்பில் நிரந்தரமாகத் தங்குவதில்லை. ஒன்றிரண்டு கிழமை தினமும் வெயில் பட்டால் வரும், சில கிழமை மின்விசிறிக்குக் கீழ் இருந்தால் போய்விடும். ஓய்வுபெற்ற பிறகு உங்கள் நாள் எப்படிப் போகிறது என்று நீங்களே யோசியுங்கள். இன்றிலிருந்து தினமும் காலை ஏழு, ஏழரைக்கு இருபது நிமிடம் நடக்கத் தொடங்கினால் ஜூலைக்குள் உடம்பு ஓரளவு பழகிவிடும்.

கனடாவிலிருந்து வரும் நால்வருக்கும் இதே கணக்குத்தான். இறங்கி மூன்றாம் நாள் குமண என்பது அவசரம். பயணத்தை ஒரு கிழமை பின்தள்ள முடிந்தால் உங்களைவிட உங்கள் பேரப்பிள்ளைகளுக்குத்தான் அதிக நன்மை.

கச்சான் காற்றைப் பற்றி ஒன்று. தென்மேல் பருவக்காற்று மழையை மலைநாட்டின் மேற்குப் பக்கத்திலேயே கொட்டிவிட்டு, எங்கள் பக்கம் இறங்கும்போது காய்ந்து சூடேறி வருகிறது. திறந்த ஜீப்பில் அந்தக் காற்று வியர்வையை உடனுக்குடன் உலர்த்திவிடும். சட்டை நனையாது. பின்னேரம் கழற்றிப் பார்த்தால் கழுத்துப் பட்டியில் வெள்ளையாக ஒரு உப்புக் கோடு நிற்கும். களப்போரப் புழுக்கத்தில் நனைந்து பழகிய நாங்கள் ஏமாறுவது இங்கேதான்.

தலைச்சுற்று, குமட்டல், தசைப்பிடிப்பு வந்தால் நிழல், தண்ணீர், ஓய்வு. பேச்சுக் குழறினாலோ, ஆள் தடுமாறினாலோ, மயங்கினாலோ அது வெப்பத் தாக்காக இருக்கலாம். உடம்பில் தண்ணீரை ஊற்றி விசிறிக்கொண்டே பொத்துவில் ஆதார வைத்தியசாலைக்கு ஓட வேண்டும். பனடோல் அந்தச் சூட்டை இறக்காது. ஆனால் உங்கள் இருவருக்கும் ஒரு சிக்கல் உண்டு. சீனி இறங்கினாலும் இதே நடுக்கம், இதே வியர்வை, இதே தடுமாற்றம். எனவே முதலில் விரலில் குத்திப் பாருங்கள். 70 mg/dLக்குக் கீழே என்றால், அல்லது பார்க்க வழியில்லை என்றால், மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். சொக்லேட் மெதுவாகத்தான் ஏறும். நினைவில்லாதவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது.

குளிசை, காலைச் சாப்பாடு, ஐயாவின் இன்சுலின்

நான்கு மணிக்கு வெறும் தேத்தண்ணீரோடு கிளிக்லசைட் போட்டால் ஆறரை மணிக்கு, எல்லோரும் தொலைநோக்கியும் கையுமாக இருக்கும் நேரத்தில், உங்கள் சீனி இறங்கத் தொடங்கும். காலைச் சாப்பாட்டுப் பார்சல் பிரிப்பது எட்டரை, ஒன்பதுக்கு. கிளிக்லசைட் சாப்பாட்டோடு போக வேண்டிய குளிசை, மணிக்கூட்டோடு அல்ல. புறப்படும்போது இரண்டு கிறீம் கிறேக்கர் பிஸ்கட், பார்சல் பிரிக்கும்போது குளிசை. ஐயாவின் காலை ஊசிக்கும் இதே விதிதான், சாப்பாடு கையில் இருந்தால் மட்டுமே ஊசி.

சலம் போகிற குளிசையை நீங்களாக நிறுத்த வேண்டாம், நீங்களாகத் தொடரவும் வேண்டாம். வெப்ப நாட்களில் அதைக் குறைப்பதோ நேரம் மாற்றுவதோ சிலருக்குச் சரி, சிலருக்கு இல்லை. இரத்தத்தில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேற்றினின், அதோடு சோடியம், பொட்டாசியம் மூன்றையும் பார்த்துவிட்டு உங்கள் கிளினிக் வைத்தியர் சொல்ல வேண்டிய விடயம் அது. அடுத்த கிளினிக் நாளிலேயே கேளுங்கள், ஜூலை வரை வைத்திருக்க வேண்டாம்.

பாவனையில் இருக்கும் இன்சுலின் குப்பி 30 பாகைக்குக் கீழ் இருந்தால் ஏறக்குறைய நான்கு கிழமை தாங்கும். வெயிலில் நிற்கும் ஜீப்பின் முன்தட்டில் வைத்தால் ஒரு நாள்கூடத் தாங்காது. ஐஸ் பெட்டிக்குள் ஐஸில் நேரே படவும் கூடாது, உறைந்த இன்சுலினை எறிய வேண்டியதுதான். ஈரத் துணி சுற்றிய சின்ன மண்முட்டிக்குள் பொலித்தீனில் கட்டி வைத்து, காற்றுப்படும் நிழலில் வையுங்கள். எங்கள் ஊரில் குளிர்சாதனப்பெட்டி இல்லாத வீடுகளில் செய்வதுதான், கச்சான் காற்றுக்கு இது இன்னும் நன்றாக வேலை செய்யும். சீனி பார்க்கும் கருவியின் பட்டிகளும் சூட்டில் பழுதாகும், அவற்றையும் கைப்பையிலேயே வைத்திருங்கள்.

உகந்தை மணல்

போகிற வழியில் உகந்தை முருகன் கோயிலில் இறங்கிக் கும்பிட வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். கும்பிடுங்கள், ஆனால் காலையில் பூங்கா வாசல் திறக்கும் வேளையிலோ பொழுது சாயும்போதோ மட்டும். நீரிழிவில் பாதத்தின் உணர்வு மங்கியிருந்தால் நண்பகல் மணல் சுடுவது தெரியாது. நேர்த்திக்காக வெறுங்காலோடு வீதி சுற்றிய ஒருவர் இரண்டு நாள் கழித்து என்னிடம் வந்தார். இரண்டு குதிக்காலிலும் முழு நீளக் கொப்புளம், அதன்மேல் ஒட்டிய மணல்கூட அப்படியே இருந்தது. வலிக்கவில்லை என்பதால் அவர் கழுவிக்கூடப் பார்க்கவில்லை. பழகிய சப்பாத்தையே போடுங்கள், பயணத்துக்கென்று புதிது வாங்க வேண்டாம். இரவில் மகளை விட்டு உங்கள் இருவரின் உள்ளங்காலையும் டோர்ச் வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

மற்றவை சுருக்கமாக. மலேரியாக் குளிசை தேவையில்லை. இலங்கையில் மலேரியா ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் 2016இலேயே அறிவித்துவிட்டது, மருமகன் வாசித்தது பழைய கையேடாக இருக்கும். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது, அதற்கு நுளம்புத் தைலமும் நீளக் கையும் வேண்டும். பற்றைக்குள் நடந்தால் உண்ணி ஏறும். குளிக்கும்போது இடுப்பு, அக்குள், முழங்கால் மடிப்பைத் தடவிப் பாருங்கள். பிறகு இரண்டு கிழமைக்குள் காய்ச்சல் வந்தால் காட்டுக்குப் போனதை வைத்தியரிடம் சொல்ல மறக்க வேண்டாம். உடுப்பு பருத்தியில், மங்கல் காவியோ சாம்பலோ. வெள்ளை வெயிலுக்கு நல்லது, ஆனால் பறவை தூரத்திலேயே கண்டு பறந்துவிடும். மருமகன் இணையத்தில் வாங்கியிருக்கும் இராணுவப் பச்சைப் புள்ளி உடுப்பை மட்டும் கனடாவிலேயே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். இந்த நாட்டில், அதுவும் எங்கள் பக்கத்தில், சிவிலியன் அதைப் போட்டுத் திரிவது வீண் வில்லங்கம்.

யாரிடம் எவ்வளவு சொல்வது

உங்கள் வருத்தங்களின் கதை உங்களுடையது. ஜீப்பில் இருக்கும் எல்லோருக்கும் விளக்கத் தேவையில்லை. ஆனால் வழிகாட்டிக்கு மூன்று விடயம் தெரிந்திருக்க வேண்டும்: இரண்டு பேருக்கு நீரிழிவு, சாப்பாடு பிந்தக்கூடாது, சீனித் தண்ணீர் எந்தப் பையில் இருக்கிறது. அனுபவமுள்ள வழிகாட்டி இதைக் கேட்டு ஆளை விட்டுவிட்டுப் போகமாட்டார், பாதையை அதற்கேற்ப மாற்றுவார். சொல்லாமல் போய்ப் பூங்காவின் நடுவில் தடுமாறும்போதுதான் எல்லோருடைய நாளும் கெடும். தொலைபேசி அலை எங்கே அறுகிறது என்று அவரிடம் கேட்டு வையுங்கள். 1990 சுவ செரிய அம்பியுலன்ஸ் இலவசம்தான், ஆனால் அழைக்க அலை வேண்டும். கிளினிக் கொப்பியைப் பொலித்தீன் பையில் போட்டுக் கைப்பையில் வையுங்கள்.

மகளுக்கு எல்லாவற்றையும் சொல்லுங்கள். உங்கள் கடிதத்தை வாசித்தால், அவருக்கு உங்கள் சீனி பற்றிப் பாதிதான் தெரியும் போலிருக்கிறது.

எதைத் தெரிவது

இரத்தப் பரிசோதனை ஒழுங்காக இருந்து, தரிப்புகளுக்கு வழிகாட்டி சம்மதித்தால் குமணவுக்கே போங்கள். ஏப்ரல் தொடக்கம் ஜூலை வரை கும்புக்கன் ஓயாவிலிருந்து நீர் வரும் குமண வில்லு என்ற சதுப்பு ஏரியின் மரங்களில் கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, கரண்டிவாயன், நீர்க்காகம் எல்லாம் கூடு கட்டும் காலம். கதிர்காமப் பாத யாத்திரைக்குக் காட்டுப் பாதை திறக்கும் நாட்களோடு உங்கள் திகதி மோதுகிறதா என்று மட்டும் பாருங்கள், அப்போது உகந்தைப் பக்கம் சனம் நெரியும். காலை ஆறிலிருந்து பத்தரை வரை பார்த்துவிட்டு வெளியே வந்தாலே முக்கால்வாசி கண்டுவிடலாம். வெயில் ஏறினால் பறவையும் நிழலுக்குத்தான் போகும். மத்தியானம் சாப்பிட்டுப் படுத்துவிட்டு, பின்னேரம் லகுகல குளத்துப் பக்கம் போகச் சொல்லுங்கள்.

கிரியேற்றினின் கூடியிருந்தால் பொத்துவில் களப்பு ஒரு பின்னேரத்தோடு நிறுத்துவதுதான் என் யோசனை. மருமகனை ஐயாவோ மகளோ குமணவுக்குக் கூட்டிப் போகட்டும். வேறொரு வருடம் பெப்ரவரியில் வந்தால், மழையும் விட்டு வெயிலும் ஏறாத நேரத்தில், வடக்கிலிருந்து வரும் பறவைகளை மட்டக்களப்பு வாவிக் கரையிலேயே உங்கள் வீட்டுத் தேத்தண்ணீரோடு காட்டலாம்.

ரிப்போட் கைக்கு வந்ததும் எண்களை எழுதி அனுப்புங்கள்.